முதியவர் வண்டியில் ஒரு சாட்சி

கல்முனையிலிருந்து தெற்கு நோக்கி வரும் பெருந்தெரு, சாய்ந்தமருதையும் மாளிகைக்காட்டையும் கடந்து காரைதீவுக்குள் நுழைந்ததும், மேற்கே சம்மாந்துறை வழியாக அம்பாறைக்குச் செல்லும் வீதி அதிலிருந்து பிரிகிறது. ஊரார் அந்த இடத்தை முச்சந்தி என்பர். காலை ஏழு மணிக்கும் எட்டு மணிக்கும் இடையில் அங்கு நின்று பார்ப்பவருக்குக் கீழ்க்கரை முழுவதும் ஒரே சந்தியில் கூடிவிட்டதோ என்று தோன்றும். பாடசாலைப் பிள்ளைகளின் சைக்கிள்கள், அம்பாறைக் கச்சேரிக்கு விரையும் உத்தியோகத்தரின் மோட்டார் சைக்கிள்கள், மீன் பெட்டியைப் பின்னால் கட்டிய வண்டிகள், ஒன்றையொன்று முந்தியோடும் பஸ்கள், அறுவடைக் காலமாயின் நெல் மூட்டை ஏற்றிய உழவு இயந்திரங்கள். இவற்றுக்கெல்லாம் நடுவே எவருக்கும் கட்டுப்படாத கட்டாக்காலி மாடுகள்.

இந்தச் சந்தியில், எழுபது வயதைக் கடந்த ஒருவர் தம்முடைய பழைய சிறு காரை ஓட்டி வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஓய்வுபெற்ற அரசாங்க ஊழியர். நாற்பது ஆண்டுகளாகச் சாரதி அனுமதிப்பத்திரம் வைத்திருப்பவர். காரும் அவரைப் போலவே வயது முதிர்ந்தது. 2020 மார்ச்சில் நாட்டுக்குள் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு அந்தத் தடை 2025 பெப்ரவரியில்தான் தளர்ந்தது. இடைப்பட்ட காலத்தில் இருந்த வண்டியைப் பேணிக் காத்தவர்களுள் இவரும் ஒருவர். கல்முனையிலிருந்து வரும் இவர் அம்பாறை வீதிக்குள் வலப்புறம் திரும்ப வேண்டும். சிக்னல் விளக்கைப் போட்டுத் தெருவின் நடுவில் நிற்கிறார். நிந்தவூர்ப் பக்கமிருந்து வரும் பஸ் கடக்கும்வரை பொறுத்திருக்கிறார். பஸ் போனதும் மெல்லத் திருப்புகிறார். அதே கணத்தில், பின்னாலிருந்து வலப்புறமாக முந்த முயன்ற ஒரு மோட்டார் சைக்கிள் காரின் முன் மூலையில் மோதி விழுகிறது.

ஓட்டியவன் இளைஞன், கால் சிராய்ந்திருக்கிறது. ஒரு நிமிடத்துக்குள் இருபது பேர் கூடிவிடுகிறார்கள். ‘பெரியவர் சிக்னல் போடவில்லை’ என்கிறார் ஒருவர். ‘அவருக்குக் கண் மங்கல், இந்த வயதில் எதற்கு வண்டி?’ என்கிறார் மற்றொருவர். இவர்களுள் எவரும் பொய் சொல்லுகிறவர்கள் அல்லர் என்பதை மனத்திற் கொள்ளுதல் வேண்டும். மோதிய சத்தத்தைக் கேட்ட பின்புதான் அவர்கள் தலையைத் திருப்பினார்கள். அவர்கள் கண்டது விழுந்து கிடந்த இளைஞனையும், குறுக்கே நின்ற காரையும், அதற்குள் நடுங்கும் கைகளோடு இருந்த முதியவரையும் மட்டுமே. அதற்கு முந்திய பத்து வினாடிகளை மனம் தானாக இட்டு நிரப்பிக்கொள்கிறது. நரைத்த தலையைக் கண்டால் அது எப்படி நிரப்பும் என்று சொல்லவேண்டியதில்லை.

அந்தப் பத்து வினாடிகளுக்குச் சாட்சி சொல்லத்தக்க ஒரு சிறு பொருளைப் பற்றியதே இன்றைய பேச்சு. வாகனத்தின் முன் கண்ணாடியில் உட்புறமாகப் பொருத்தி, வண்டி ஓடும் நேரமெல்லாம் முன்னேயுள்ள தெருவைப் படம்பிடித்து வைக்கும் கருவியை மக்கள் ‘டாஷ் கேம்’ என்று வழங்குகின்றனர். முகப்புக் கமரா என்று தமிழில் சொன்னால் போதும். உருசிய நாட்டில் இக்கருவி மிகப் பரவலாக வழங்குகிறது. 2013 ஆம் ஆண்டு பெப்ரவரி 15 ஆம் நாள் காலை செல்யாபின்ஸ்க் நகரத்தின் மேல் வானத்தில் ஒரு விண்கல் வெடித்துச் சிதறியபோது, அதன் பாதையை உலகம் கண்டது பெரும்பாலும் இத்தகைய முகப்புக் கமராக்களின் வாயிலாகத்தான். வேலைக்குப் போய்க்கொண்டிருந்த சாரதிகள் எவரும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை, கருவிகள் பார்த்துக்கொண்டிருந்தன. காரைதீவில் விண்கல் விழவேண்டாம். ஒரு மோட்டார் சைக்கிள் எந்தப் பக்கமிருந்து வந்தது என்பதைச் சொன்னாற் போதும்.

இப்பொழுது அந்த முதியவரின் நிலைமைக்கு வருவோம். அவரிடம் இருப்பது பொத்தான் வைத்த பழைய கைத்தொலைபேசி. அழைப்பு வந்தால் எடுப்பார். பேசி முடித்ததும் சட்டைப் பையில் வைப்பார். திரையைத் தொட்டு இயக்கும் தொலைபேசி வேண்டாம் என்பது அவர் தெரிந்து செய்த முடிவு; அறியாமையன்று. கட்டாரில் தொழில் புரியும் மகன், தந்தைமேல் கொண்ட அன்பினால் விலையுயர்ந்த ஒரு கமராவை வாங்கி அனுப்புகிறான். கைப்பெருவிரல் அளவே உள்ள அழகான பொருள். ஆனால் அதற்குத் திரை இல்லை. ஒரேயொரு விளக்கு மட்டும் மினுங்கும். நாளையும் நேரத்தையும் திருத்துவதும், பதிந்த படத்தைப் பார்ப்பதும், கம்பியில்லாத் தொடர்பினால் திறன்பேசியில் உள்ள செயலி வழியாகவே நடைபெறும். கார்மின் நிறுவனத்தின் ‘மினி’ போன்ற கமராக்கள் இவ்வகையைச் சேர்ந்தவை. திறன்பேசியோடு வாழும் இளைஞர்களுக்கு அவை நல்ல கருவிகளே. இந்த முதியவருக்கோ அந்த விளக்கு பச்சையா சிவப்பா, அது எதைக் குறிக்கிறது, உள்ளே படம் பதிகிறதா இல்லையா என்பது ஒருபோதும் தெரியப்போவதில்லை. சாட்சி ஊமையாக அமர்ந்திருக்கும். வீட்டுக்கு வரும் பேரனைக் கேட்டால்தான் அது வாய் திறக்கும். பேரனோ பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறான்.

ஆகவே இத்தகையவருக்குக் கமராவைத் தெரிவு செய்யும்போது முதற் கேள்வி படத்தின் தெளிவைப் பற்றியதன்று. மோதல் நடந்து ஐந்து நிமிடத்துக்குள், தெரு ஓரத்தில் நின்றபடி, எவருடைய உதவியும் இன்றி, நடுங்கும் விரல்களோடு இவர் அந்தப் படத்தைப் பொலிஸ் உத்தியோகத்தருக்குக் காட்ட முடியுமா என்பதே கேள்வி. முடியும் என்றால் அக்கருவி இவருக்குரியது. முடியாது என்றால் எவ்வளவு விலை உயர்ந்ததாயினும் அது பிறருக்குரியது. கடைக்காரர் சொல்லும் மற்றெல்லாச் சிறப்புகளும் இதற்குப் பின்னரே வைத்து எண்ணத்தக்கவை.

இக்கேள்வியோடு அவர் கல்முனைக் கடையொன்றுக்குச் செல்கிறார். கண்ணாடிப் பெட்டிக்குள் பத்துப் பன்னிரண்டு வகைகள் இருக்கின்றன.

“தம்பி, இதில் பதிந்ததைப் பார்க்கப் பெரிய போன் வேண்டுமா?”

“ஓம் ஐயா, போனில்தான் பார்க்கலாம். மிச்சம் சுகம்.”

“போன் இல்லாமல் பார்க்கக்கூடியது எது?”

கடைக்காரத் தம்பி சற்று யோசித்து, உள்ளேயிருந்து தூசு படிந்த ஒரு பெட்டியை எடுத்து வைக்கிறார். “இது பழைய மாதிரி ஐயா. திரை இதிலேயே இருக்கிறது. இப்போது ஆட்கள் அதிகம் கேட்பதில்லை.”

கேட்பதில்லை என்று பின்னறையில் வைத்த அந்தப் பெட்டிதான் இங்கே வேண்டியது. முதுகுப் பக்கத்தில் மூன்று அங்குலம் அளவுள்ள திரை. அதன் ஓரத்திலோ கீழேயோ விரலால் தடவி அறியக்கூடிய மெய்யான பொத்தான்கள். இரண்டு அங்குலத்துக்குக் குறைந்த திரையில் மூக்குக் கண்ணாடி அணிந்தவருக்கு எழுத்துப் புரியாது. திரையைத் தொட்டு இயக்கும் வகையும் வேண்டாம். வியர்த்த விரலும் ஓடும் வண்டியும் அதற்கு ஒவ்வா. பொத்தான்களுள் ஒன்று, படத்தைப் பூட்டி வைக்கும் பொத்தானாக இருத்தல் வேண்டும். அது மற்றவற்றினும் பெரிதாகவோ வேறு நிறமாகவோ இருப்பின் மிக நன்று.

பூட்டுவது என்பது யாது என்று இங்கே விளக்குதல் தகும். முகப்புக் கமரா ஒரு சிறிய நினைவுத் தகட்டில் படத்தைப் பதிகிறது. விரல் நகமளவே உள்ள அத்தகட்டைக் கடைகளில் மெமரி காட் என்பர். முழு உயர் தெளிவுப் படம் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ ஆறு கிகாபைட் இடத்தைப் பிடிக்கும். அப்படியாயின் 32 கிகாபைட் தகடு ஐந்து மணி நேர ஓட்டத்தில் நிறைந்துவிடும். நிறைந்ததும் கருவி நின்றுவிடாது. மிகப் பழைய துண்டை அழித்து, அவ்விடத்தில் புதியதை எழுதும். ஒன்று, மூன்று, அல்லது ஐந்து நிமிடத் துண்டுகளாக இது இடைவிடாது நடைபெறும். காரைதீவுக்கும் கல்முனைக்கும் இடையே ஓடுபவருக்கு ஐந்து மணி நேரம் என்பது பல நாளைய ஓட்டம். கொழும்புக்குச் செல்பவர் நிலை வேறு. பொத்துவில் வழியாகச் செல்லும் நெடும்பாதையை ஓடி முடிப்பதற்குள், காலையில் அக்கரைப்பற்றில் நடந்தது அழிந்து போயிருக்கும். அத்தகையவருக்கு 64 கிகாபைட் தகடு வேண்டும். அந்த அளவைக் கருவி ஏற்குமா என்பதையும் வாங்குமுன் பார்த்துக்கொள்ளல் வேண்டும்.

வண்டி பலமாக அதிர்ந்தால், உள்ளேயுள்ள அதிர்வு உணரி அந்த நேரத் துண்டை அழியாதபடி தானே பூட்டிவிடும். ஆனால் ஒரு சைக்கிள் கதவில் மெல்ல உரசினால் உணரி உறங்கிக்கொண்டிருக்கும். அப்பொழுதுதான் சாரதி தம் கையால் அந்தப் பொத்தானை அழுத்த வேண்டும். உணரியின் கூர்மையை மிக உயர்வாக வைத்தாலும் கேடு உண்டு. உள்வீதிகளின் ஒவ்வொரு குழிக்கும் அது ஒரு துண்டைப் பூட்டும். பூட்டிய துண்டுகளே தகட்டை நிறைத்து, புதியதைப் பதிய இடமில்லாமற் செய்துவிடும். எனவே கூர்மையைக் குறைந்த நிலையில் வைத்து, கையால் பூட்டப் பழகிக்கொள்வதே முதியவருக்கு ஏற்றது.

தகட்டைப் பற்றி மற்றொன்று. விலை மலிந்த போலித் தகடுகள் சந்தையில் உள்ளன. மேலே 128 என்று அச்சிட்டிருக்கும். உள்ளே அதிற் கால்பங்கும் இராது. மேலும் முகப்புக் கமரா ஓயாது எழுதி அழித்து எழுதுவதால், சாதாரணத் தகடு விரைவில் தேய்ந்துபோகும். இப்பணிக்கென்றே நீடித்த உழைப்புக்கு உரியதாகச் செய்த தகடுகள் உண்டு. விலை சற்றுக் கூடினும் அதையே வாங்குதல் வேண்டும். இரண்டாக வாங்கி ஒன்றை வீட்டில் வைத்துக்கொள்வது இன்னும் நன்று. கருவியில் மிச்சம் பிடித்தாலும் தகட்டில் மிச்சம் பிடிக்கலாகாது.

அடுத்தது வெப்பம். கீழ்க்கரையின் வெயிலை அங்கு வாழ்வோருக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. கண்ணாடியை மூடி வெயிலில் நிறுத்திய காரின் உள்ளே ஒரு மணி நேரத்தில் 50 பாகை செல்சியசை மிஞ்சிய சூடு உண்டாகும். முன் கண்ணாடிக்கு அருகே அது இன்னும் அதிகம். மலிவான பல கமராக்களின் வயிற்றில் சிறிய லித்தியம் பற்றரி ஒன்று இருக்கிறது. இச்சூட்டில் அது நாளடைவில் வீங்கும். வீங்கிக் கருவியின் முதுகைப் பிளந்துவிடுவதும் உண்டு. பற்றரிக்குப் பதிலாக மின்தேக்கி வைத்த கமராக்கள் சூட்டை நெடுங்காலம் தாங்கும். பெட்டியின் மேல் அது ‘சுப்பர் கப்பாசிற்றர்’ என்று குறிக்கப்பட்டிருக்கும். இந்தக் கரையில் அதைத் தவிர வேறொன்றை வாங்குவது வீண் செலவு. மின்தேக்கி உள்ளது வண்டியின் மின்சாரம் நின்றதும், கடைசித் துண்டைச் சேமித்துவிட்டுச் சில வினாடிகளில் அணைந்துவிடும். ஆகவே படத்தைப் பார்க்க வேண்டுமாயின் சாவியைத் திருப்பி மின்சாரம் கொடுத்தல் வேண்டும். அல்லது கருவியைக் கழற்றிப்போய், கைத்தொலைபேசிக்கு மின்னேற்றும் சாதாரண யூஎஸ்பி இணைப்பில் செருகலாம்.

கழற்றிப்போகலாம் என்பது முதியவருக்குப் பெரிய வசதி. நகமளவுத் தகட்டை அதன் சிறு துளையிலிருந்து அழுத்தி வெளியே எடுப்பது இளைஞருக்கே எளிதன்று. வில் விசையால் அது துள்ளி ஆசனத்தின் அடியில் விழுந்துவிடும்; பிறகு தேடுவது பெரும்பாடு. கருவியைத் தாங்கியிலிருந்து சறுக்கிக் கழற்றி, அப்படியே சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பொலிஸ் நிலையத்துக்கோ காப்புறுதிக் கம்பனிக்கோ செல்லலாம். அங்கே கணினியில் கம்பியால் இணைத்தால் உள்ளே உள்ள படங்கள் திறக்கும். கடையிலேயே கழற்றி மாட்டிப் பார்க்கவேண்டியது இதனால்தான். தாங்கி, கண்ணாடியில் ஒட்டும் பசைப்பட்டை உள்ளதாக இருக்கட்டும். உறிஞ்சிப் பிடிக்கும் இறப்பர்க் கிண்ணம் நண்பகல் வெயிலில் பிடி தளர்ந்து விழும். சாரதியின் மடியில் அது விழும் நேரம் எது என்று எவராலும் கூற முடியாது.

கடிகாரத்தைப் பலர் கவனியார். ஆனால் சாட்சியின் உயிர் அதில்தான் இருக்கிறது. படத்தின் கீழ் மூலையில் நாளும் நேரமும் பதிந்திருக்கும். வண்டி சில வாரம் ஓடாதிருந்தால், சில கருவிகளின் கடிகாரம் நின்று, எப்போதோ கழிந்த ஓராண்டின் முதல் நாளுக்குத் திரும்பிவிடும். மோதல் நடந்தது இன்று. படத்திலோ வேறொரு ஆண்டு. எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு இதைவிட நல்ல விருந்து வேறில்லை. செய்மதிகளிலிருந்து நேரத்தைப் பெறும் ஜீபிஎஸ் வசதி உள்ள கமரா இக்குறையைத் தானே திருத்திக்கொள்ளும். அவ்வசதி வேகத்தையும் இடத்தையும் சேர்த்தே பதியும் என்றாலும், முதியவருக்கு அதனாலுள்ள தலையாய பயன் கடிகாரந்தான். அது இல்லாத கருவியாயின், நேரத்தைப் பொத்தான்களாலேயே திருத்த முடிய வேண்டும். இலங்கை நேரமாகிய ஐந்தரை மணி வேறுபாட்டைக் கடைக்காரர் முதல் நாளே பதிந்து தருதல் வேண்டும்.

படத்தின் தெளிவுக்கு இப்பொழுது வரலாம். நெடுக்கில் 1920, உயரத்தில் 1080 புள்ளிகள் கொண்ட படம் போதுமானது. ‘நாலு கே’ என்று பெட்டியில் எழுதிய மலிவான பல கருவிகள் சிறிய படத்தையே ஊதிப் பெருப்பிக்கின்றன. கண்ணாடி வில்லை 140 பாகை அளவு விரிவு உடையதாயின் நன்று. 170 என்று பெருமை பேசுவன சந்தியின் இரு ஓரத்தையும் காட்டும். ஆயினும் நேரே முன்னால் போகும் வண்டியை எறும்பாக்கிவிடும். மாலையில் மாவடிப்பள்ளி வயல்வெளியூடாக மேற்கே அம்பாறைக்குச் செல்லும்போது சூரியன் நேர் முகத்தில் நிற்கும். காலையில் திரும்பி வரும்போது கடற்பக்கமிருந்து அதே நிலை. மிகுந்த ஒளியையும் நிழலையும் ஒருசேரத் தாங்கிப் படம்பிடிக்கும் ஆற்றல் இங்கே வேண்டும். இரவுக்குச் சோனி நிறுவனத்தின் ‘ஸ்ரார்விஸ்’ வகை உணரி உள்ள கமராக்கள் மற்றவற்றிலும் மேலானவை. எந்தக் கமராவானாலும், முன் கண்ணாடியில் படியும் கடற்காற்றின் உப்பை ஈரத்துணியால் துடைக்காவிட்டால் முகிலைத்தான் காட்டும்.

ஆனால் எத்தெளிவுக்கும் ஓர் எல்லை உண்டு. மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு வினாடியில் ஏறத்தாழ 14 மீற்றர் கடக்கிறது. கமரா வினாடிக்கு 30 படம் எடுக்குமாயின், ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையில் அது 46 சென்றிமீற்றர் நகர்ந்துவிடுகிறது. எதிரே வருவதும் அதே வேகத்தில் வந்தால் இடைவெளி இரட்டிக்கும். பகலில் இலக்கத் தகட்டை வாசித்துவிடலாம். இரவில் அது வெள்ளைக் கோடாகவே தெரியும். இதற்கு ஒரு மாற்று இருக்கிறது; பணச் செலவில்லாதது. மோதிவிட்டுத் தப்பியோடும் வண்டியின் இலக்கத்தைக் கண்டவுடன், சாரதி அதை வாய்விட்டு உரக்கச் சொல்லுதல் வேண்டும். கமராவின் ஒலிவாங்கி அதைப் பதிந்துகொள்ளும்.

ஒலிவாங்கியை மூடிவிட வேண்டும் என்று பலர் அறிவுரை கூறுவர். வண்டிக்குள் பேசுவதெல்லாம் பதியுமே என்பது அவர்கள் கவலை, நியாயமானதுதான். மருமகளைப் பற்றி மாமியார் பேசியது தகட்டில் இருப்பது குடும்பத்துக்கு நல்லதன்று. எனினும் முச்சந்தியில் நின்ற அந்த முதியவரின் வழக்கை நினைத்துப் பார்த்தல் வேண்டும். முன்னே பார்க்கும் கமராவுக்கு அவருடைய சிக்னல் விளக்கு தெரியாது. விளக்கு எரியும்போது வண்டிக்குள் கேட்கும் ‘டிக், டிக்’ என்ற ஓசையோ ஒலிவாங்கிக்குக் கேட்கும். அவர் சிக்னல் போட்டார் என்பதற்கு உலகத்தில் உள்ள ஒரே சாட்சி அந்தச் சிற்றோசை. ஆதலால் ஒலி பதியட்டும். வண்டியில் ஏறுவோரிடம் அதை முன்கூட்டியே சொல்லிவிடுவது மரியாதை. வீட்டுப் பேச்சு ஐந்து மணி நேர ஓட்டத்தில் தானே அழிந்துபோகும்.

பின் கண்ணாடிக்கும் ஒரு கமரா, வண்டி நிறுத்தியிருக்கும்போதும் காவல் காக்கும் வசதி, தெருக்கோட்டைத் தாண்டினால் கூவி எச்சரிக்கும் வசதி ஆகியவற்றையெல்லாம் கடைக்காரர் எடுத்துரைப்பார். நிறுத்தக் காவல் பழைய வண்டியின் பற்றரியை உறிஞ்சிவிடும். கூவல் முதியவரைத் திடுக்கிடச் செய்யும். பின் கமரா பயனுள்ளதே. ஆயினும் கூடுதற் கம்பியும் கூடுதற் குழப்பமும் அதனோடு வரும். முதலாண்டில் முன்னே பார்க்கும் ஒரு கண் போதும்.

பொருத்தும் இடம் பின்பார்வைக் கண்ணாடிக்கு இடப்பக்கம், அதன் மறைவில். நம் நாட்டு வண்டிகளில் சாரதி வலப்புறம் இருப்பதால், அங்கே அது அவர் பார்வையை மறைக்காது. மின்கம்பியை மேல் விளிம்போடு ஓட்டி, இடப்பக்கத் தூண் வழியாக இறக்குதல் வேண்டும். கியர்த் தண்டின் மேலோ கால் மிதிகளின் அருகிலோ அது தொங்கலாகாது. வாகன மின்வேலை தெரிந்தவரைக் கொண்டு அரை மணி நேரத்தில் செய்விக்கலாம். அவர் இருக்கும்போதே, சாவியை எடுத்த பின் கமரா அணைகிறதா என்று பார்த்துவிடுக. சில வண்டிகளின் மின் துளை சாவி எடுத்த பின்னும் உயிரோடிருக்கும்.

இனிச் சட்டம் என்ன சொல்கிறது? இலங்கையில் 1995 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சாட்சிய (விசேட ஏற்பாடுகள்) சட்டம், நிகழ்ச்சி நடக்கும்போதே கருவியால் பதியப்பட்ட பதிவை நீதிமன்றம் சாட்சியமாக ஏற்க வழி செய்கிறது. அப்பதிவு மாற்றப்படாததாய் இருத்தல் வேண்டும். அதை வழக்கில் முன்வைக்க விரும்புபவர் விசாரணைக்கு 45 நாட்களுக்குக் குறையாமல் எதிர்த்தரப்புக்கு அறிவித்து, அதைப் பார்வையிட வாய்ப்பும் அளித்தல் வேண்டும். எல்லா நாடுகளிலும் இது இவ்வளவு நேராக அமைந்துவிடவில்லை. ஜேர்மனியில் தெருவை இடையறாது படம்பிடித்தல் பிறர் அந்தரங்கத்தை மீறுவது என்று வாதிக்கப்பட்டது. 2018 மே 15 ஆம் நாள் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், அவ்விதம் இடையறாது பதிவது தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு ஒவ்வாதெனினும் விபத்து வழக்கில் அப்படத்தைப் பார்க்கத் தடையில்லை என்று தீர்த்தது.

மாற்றப்படாத பதிவு என்பதைச் சாரதி எளிதாகக் காத்துக்கொள்ளலாம். விபத்து நடந்ததும் வண்டியை நிறுத்தி, காயப்பட்டவரை முதலிற் கவனித்து, பின்பு பூட்டும் பொத்தானை அழுத்துக. அதன்பின் அத்தகடு வேறு ஓட்டத்துக்குப் பயன்படலாகாது. வீட்டில் இருக்கும் இரண்டாவது தகட்டின் வேலை இதுதான். பொலிசாருக்கும் காப்புறுதிக் கம்பனிக்கும் படியெடுத்துக் கொடுத்து, மூலத்தை உறையில் இட்டு நாளெழுதி வைத்தல் வேண்டும். உறவினர் யாரேனும் அதைத் தம் தொலைபேசியில் ஏற்றி நாலு பேருக்கு அனுப்ப முன்வந்தால் மறுத்துவிடுக. அவ்வாறு அனுப்பும்போது படம் சுருங்கித் தெளிவிழக்கும். விழுந்து கிடந்த பிள்ளையின் தாயும் அதைக் காண நேரும்.

இதுவரை சொன்னதெல்லாம் முதியவர் பக்கம் நியாயம் இருந்த கதை. சாட்சிக்கோ வேண்டியவர் வேண்டாதவர் என்ற வேறுபாடு இல்லை. முச்சக்கர வண்டிக்கு மணிக்கு 40 கிலோமீற்றர் எல்லை என்று அதன் சாரதியைக் கடிந்துகொண்டவர், குடியிருப்புப் பகுதியில் தம் காருக்கு 50 எல்லை என்பதை மறந்திருந்தால் ஜீபிஎஸ் அதையும் எழுதிவைத்திருக்கும். சாரதி அனுமதிப்பத்திரத்துக்கு மருத்துவச் சான்றிதழ் பெறும் நாளில் கண் நன்றாகத் தெரிந்திருக்கலாம். அடுத்த சான்றிதழ் வரை அது அப்படியே இருக்கும் என்பதற்கு உறுதியில்லை.

இதனால் முதியவர் கமராவை வாங்கிய பின் செய்யத்தக்க ஒன்று இருக்கிறது. எந்தக் கையேட்டிலும் அது எழுதப்படவில்லை. வாரத்தில் ஒரு நாள், வண்டி வீட்டு முற்றத்தில் நிற்கும்போது, மூக்குக் கண்ணாடியை அணிந்துகொண்டு, தாம் ஓட்டியதைத் தாமே திரையில் பார்த்தல் வேண்டும். கருவி வேலை செய்கிறதா என்பது அதனால் தெரியும், பொத்தான்கள் கைப்பழக்கமாகும். அத்தோடு, நடுக்கோட்டை எத்தனை முறை தொட்டார், பாடசாலை வாசலில் பிள்ளை குறுக்கே வந்தபோது எவ்வளவு பிந்தி வேகம் தணித்தார், மாலை மங்கலில் எதிர் வெளிச்சத்தில் எப்படித் தடுமாறினார் என்பனவும் தெரியும். மகளோ மருமகனோ சொன்னால் வருந்தத்தக்க செய்தியை இங்கே சொல்ல வேறொருவர் தேவையில்லை. மருமகனுக்குத் தெரியாமலேயே, இனி ஆறு மணிக்குப் பின் வண்டி எடுப்பதில்லை என்று அவர் முடிவு செய்துகொள்ளலாம். முச்சந்தியில் தம் சொல் நம்பப்பட வேண்டும் என்று விரும்புகிறவருக்கு, அந்தச் சொல்லைத் தாமே சோதித்துப் பார்க்கும் கடமையும் உண்டல்லவா?

கடைசியாகப் பராமரிப்பு. மாதத்துக்கு ஒரு முறை, தேவையான படம் எதுவும் உள்ளே இல்லையென்று பார்த்துக்கொண்டு, தகட்டைக் கருவியின் பட்டியலில் உள்ள கட்டளையாலேயே முற்றாகத் துடைத்துப் புதுப்பித்தல் வேண்டும். நாளும் நேரமும் சரியா, வில்லையில் தூசு உண்டா, பசைப்பட்டை கழன்றிருக்கிறதா என்பவற்றையும் அன்றே பார்க்கலாம். நாளை மறவாமலிருக்க, ஓய்வூதியம் எடுக்கும் நாளை இதற்கென்று வைத்துக்கொள்க. வங்கி வாசலில் வரிசை குறையும்வரை வண்டிக்குள் இருக்கவேண்டியிருக்கும். அந்த நேரம் இந்த வேலைக்குப் போதும்.